மூலையில் நின்றவர் வகுத்த வியூகம்

அவையோருக்கு என் வணக்கம்.

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் டேம்பா நகரில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்திலிருந்து, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதியாட்டத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் பாதி முடிய 18 நொடிகளே மிச்சம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி 10 புள்ளிகளும் அரிசோனா கார்டினல்ஸ் அணி 7 புள்ளிகளும் எடுத்திருந்தன. பந்து அரிசோனாவிடம் இருந்தது. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுக்க ஒரே ஒரு கெஜம்தான் பாக்கி. அரிசோனாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், கர்ட் வார்னர் பந்தை வாங்கியதும் இடப்பக்கம் பார்த்தார், சட்டென்று உள்நோக்கித் திரும்பிய அன்குவான் போல்டின் அவர் கண்ணில் பட்டார், எறிந்தார். பந்து போல்டினைச் சேரவில்லை. நடுவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஸ்டீலர்ஸ் வீரர் நின்றிருந்தார். பந்தைப் பறித்துக்கொண்டு மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 கெஜம் ஓடினார். கோட்டுக்குள் அவர் உருண்டு விழுந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. 14க்கு 10 என்று அரிசோனா முந்தியிருக்க வேண்டிய ஆட்டம், 17க்கு 7 என்று பிட்ஸ்பர்க் பக்கம் சாய்ந்தது.

ஹாரிசனின் எடை சுமார் 110 கிலோ. எதிரணியின் தடுப்புச் சுவரை மோதிப் பிளந்து குவார்ட்டர்பேக்கைப் பிடித்துத் தள்ளுவதே அவர் தொழில். எறியும் பந்தைப் பறிப்பதற்கென்றே மெலிந்த உடலும் விரைந்த காலும் உடைய வேறு வீரர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, மோத வேண்டியவர் ஏன் பின்வாங்கி நின்றார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அன்று ஸ்டீலர்ஸின் தற்காப்புக்குப் பொறுப்பாளராக இருந்த 71 வயது மனிதரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் டிக் லெபோ. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவருடைய தொழில் வாழ்க்கையை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களும் அவையில் இருப்பீர்கள் என்பதால், தேவையான அளவுக்கு மட்டும் விளக்கிவிடுகிறேன். அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். தாக்கும் அணியில் 5 பருத்த தடுப்பாளர்கள் சுவராக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். தற்காக்கும் அணியில் முதல் வரிசையில் மோதும் லைன்மேன்கள், அவர்களுக்குப் பின்னே லைன்பேக்கர்கள், கடைசியில் பந்தெறிதலைக் காவல் காக்கும் பின்வரிசை. அந்தப் பின்வரிசையில் மைதானத்தின் இரு ஓரங்களிலும் தனித்து நிற்பவர்களுக்குக் கார்னர்பேக் என்று பெயர். தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர் எனத் தனித்தனிப் பொறுப்புப் பயிற்சியாளர்கள் உண்டு. அவர்களுக்கு மேலே தலைமைப் பயிற்சியாளர். லெபோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இரண்டாம் இடத்தில் இருந்தபடியே கழித்தவர். அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் பயிற்சியாளராவதற்கு முன் கார்னர்பேக்காக நின்ற 14 ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய புகழ்பெற்ற உத்தி முழுவதும் மூலையில் தனியே நின்ற ஒருவனின் கவலையிலிருந்து பிறந்தது என்றே நான் நினைக்கிறேன்.

லெபோ 1937இல் ஒஹாயோ மாநிலத்தின் லண்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வூடி ஹேய்ஸ் என்ற கண்டிப்புக்குப் பேர்போன பயிற்சியாளரிடம் ஆடினார். 1959இல் கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பருவம் தொடங்குவதற்குள் அந்த அணியின் பயிற்சியாளர் பால் பிரௌன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அதே ஆண்டில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 44ஆம் எண் சட்டையை அணிந்து 1972 வரை அங்கேயே ஆடினார். மொத்தம் 62 முறை எதிரியின் பந்தை இடையில் பறித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு கணக்கு: தொடர்ந்து 171 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியிருக்கிறார். உடம்பை முறிக்கும் இந்த ஆட்டத்தில் அப்படி ஆடுவது எளிதில் நடக்கும் காரியமன்று.

கார்னர்பேக்கின் நிலை எத்தகையது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் ஓடப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அவன் முன்னோக்கி ஓட, இவன் பின்னோக்கி ஓடியபடியே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். லைன்மேன் தவறினால் பின்னால் லைன்பேக்கர் இருக்கிறார். லைன்பேக்கர் தவறினால் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கார்னர்பேக் தவறினால் அவனுக்குப் பின்னால் இருப்பது வெறும் புல்தரை. அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் அவன் முதுகைத்தான் பார்ப்பார்கள். லெபோவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. டெட்ராய்டில் 1960 முதல் சில ஆண்டுகள் எதிர் மூலையில் நின்றவர் டிக் லேன். ஒரே பருவத்தில் 14 பந்துகளைப் பறித்துக் காட்டியவர் அவர். அந்தப் பக்கம் எறிய யாருக்குத் துணிவு வரும்? பந்து லெபோ நின்ற பக்கம் வந்துகொண்டே இருந்திருக்கும் என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

மூலையில் நிற்பவனைக் காப்பாற்றுவது எது என்பதையும் அவர் டெட்ராய்டிலேயே கண்டார். 1962 நவம்பர் 22, நன்றி நவிலும் நாள். அந்தப் பருவத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாதிருந்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியை லயன்ஸ் 26க்கு 14 என்று வென்றது. பேக்கர்ஸுக்கு அந்தப் பருவத்தில் கிடைத்த ஒரே தோல்வி அது. ரோஜர் பிரௌன், அலெக்ஸ் காரஸ் முதலிய லயன்ஸ் வீரர்கள் அன்று பார்ட் ஸ்டார் என்ற குவார்ட்டர்பேக்கை, பந்தை எறிய விடாமலே 11 முறை வீழ்த்தினார்கள். எறிபவனுக்கு நேரம் கொடுக்காவிட்டால் மூலையில் நிற்பவனுக்கு வேலை பாதியாகிவிடும். ஆனால் அப்படிப்பட்ட முன்வரிசை எல்லா அணிக்கும் எல்லா ஆண்டும் வாய்க்காது. இல்லாதவர்கள் என்ன செய்வது?

அவர் ஆடிய காலத்தில் லயன்ஸ் கோப்பை எதையும் வெல்லவில்லை. 1970இல் லெபோ 9 பந்துகளைப் பறித்தார். அவருடைய மிகச் சிறந்த பருவம் அது. டிசம்பரில் டாலஸ் அணியோடு நடந்த தகுதிச்சுற்று ஆட்டத்தில் லயன்ஸ் தோற்றது. எவ்வளவு என்கிறீர்கள்? 5க்கு 0. ஐந்தே புள்ளிகள், அவற்றிலும் இரண்டு, லயன்ஸின் தாக்குதல் வரிசை தானே கொடுத்தவை. தற்காப்பாளனின் தலையெழுத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

இடையில் ஒரு வேடிக்கை. ஆட்டப் பருவம் இல்லாத மாதங்களில் அவர் பிலிப்பைன்ஸ் சென்று, போர்ப் படம் ஒன்றில் நடிகர் மைக்கேல் கெய்னுக்கு மாற்று ஆளாக நின்றிருக்கிறார். கிதார் வாசிப்பார், பாடுவார், கோல்ஃப் நன்றாக ஆடுவார். தற்காப்புப் பயிற்சியாளர் என்றாலே கத்தித் தீர்க்கும் ஆசாமி என்றொரு பிம்பம் உண்டு. லெபோ அதற்கு வெகுதூரம்.

1973இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் பயிற்சியாளரானார். பிறகு சில ஆண்டுகள் கிரீன் பே. 1980இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்குப் பின்வரிசைப் பயிற்சியாளராக வந்தார். பெங்கால்ஸ் அணியை நிறுவி நடத்தியவர் யார் தெரியுமா? 1959இல் இவரை வீட்டுக்கு அனுப்பிய அதே பால் பிரௌன். 21 ஆண்டு கழித்து, வேண்டாம் என்றவரின் வாசலிலேயே வேலை.

அங்கேதான் அவர் தம் தொழில் எதிரியைச் சந்தித்தார். 1960களின் இறுதியிலும் 70களின் முற்பகுதியிலும் பால் பிரௌனிடம் உதவியாளராக இருந்தவர் பில் வால்ஷ். நீளமாக எறியும் வலிமை இல்லாத ஒரு குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, குறுகிய தூரத்துக்கு விரைவாகவும் துல்லியமாகவும் எறிந்து முன்னேறும் முறையொன்றை அவர் சின்சினாட்டியில் உருவாக்கினார். தலைமைப் பதவி தமக்குக் கிடைக்காததால் வெளியேறி, பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 1982 ஜனவரியில் அந்த அணியே சூப்பர் பவுலில் பெங்கால்ஸை 26க்கு 21 என்று தோற்கடித்தது. சின்சினாட்டியில் பிறந்த உத்தி சின்சினாட்டியையே வீழ்த்தியது. லெபோ அன்று தோற்ற அணியின் பின்வரிசைக்குப் பொறுப்பாளர். 1984இல் தற்காப்பு முழுவதும் அவர் பொறுப்பில் வந்தபோது, வால்ஷின் முறை நாடெங்கும் பரவத் தொடங்கியிருந்தது.

அந்த முறையை எதிர்ப்பதில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்த வேண்டுமானால், வழக்கமான 4 பேருக்கு மேல் ஆட்களை ஏவ வேண்டும். இதற்குப் பிளிட்ஸ் என்று பெயர். 6 பேரை, 7 பேரை ஏவினால் பின்னால் மிஞ்சுகிறவர்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியே காவல் காக்க வேண்டும். ஒருவன் வழுக்கி விழுந்தால் எதிரணிக்கு முழுப் புள்ளிகளும் போய்விடும். வால்ஷின் சீடர்களுக்கு இது இன்னும் வசதி. எந்த லைன்பேக்கர் பாய்ந்து வருகிறாரோ அவர் விட்டுவந்த இடம் காலியாகத்தானே இருக்கும்? அந்தக் காலியிடத்துக்குள் பந்தைத் தட்டிவிடு என்று குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆளை ஏவினால் இடம் காலி. ஏவாவிட்டால் எறிபவனுக்கு நேரம் ஏராளம். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தது தற்காப்பு.

லெபோ இதற்கு விடை தேடி லூசியானாவுக்குப் போனார். அங்கே மாநிலப் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பில் ஆர்ன்ஸ்பார்கர். 1972இல் ஒரு ஆட்டத்திலும் தோற்காத மயாமி டால்ஃபின்ஸ் அணியின் தற்காப்பை நடத்தியவர் அவர். 53ஆம் எண் அணிந்த பாப் மேத்திசன் என்ற லைன்பேக்கரை லைன்மேன் ஒருவரின் இடத்தில் இறக்கி, அவர் பாயப் போகிறாரா பின்வாங்கப் போகிறாரா என்று எதிரணிக்குத் தெரியாமல் ஆர்ன்ஸ்பார்கர் குழப்பியிருந்தார். லெபோவுடனான உரையாடலில் அவர் சொன்ன ஒரு சொற்றொடர் லெபோவின் மனத்தில் தைத்தது: பாதுகாப்பான நெருக்கடி. எதிரியை நெருக்க வேண்டும், ஆனால் நம் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்தச் சொல்லை ஒரு முன்னாள் லைன்மேன் கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். மூலையில் 14 ஆண்டு நின்றவர் கேட்டதால் அது வித்தாக விழுந்தது. விமானப் பயணத்தில் கைதுடைக்கும் தாளில் அவர் வரைந்து பார்த்த வியூகங்களிலிருந்து ஸோன் பிளிட்ஸ் என்ற அவருடைய புகழ்பெற்ற உத்தி உருவானது என்று சொல்வார்கள்.

அந்த உத்தியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தற்காப்பு அணியின் வலப்பக்கத்தில் இரண்டு லைன்பேக்கர்கள் பாய்வதற்குத் தயாராகக் குனிந்து நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக் அதைக் கவனிக்கிறார். தடுப்புச் சுவரை அந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார். பந்து கைக்கு வந்ததும் அந்த இருவரும் பாய்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த இடம் காலியாக இருக்க வேண்டும், அங்கே எறியலாம் என்று அவருக்குப் பழக்கமாகிவிட்ட கண் சொல்கிறது. ஆனால் தரையில் கையூன்றி மோதுவதற்குத் தயாராக நின்ற லைன்மேன் ஒருவர், ஓரடி முன்வைப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு, திரும்பி அந்தக் காலியிடத்துக்கே ஓடுகிறார். அவருக்கு எதிரே நின்ற தடுப்பாளர், தடுக்க ஆளில்லாமல் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுபக்கத்தில் ஒரு தடுப்பாளர் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் பாய்ந்தவர்கள் 5 பேர்தான். நடுத்தூரத்தில் 3 பேர், கடைசியில் 3 பேர் காவல். ஏழெட்டுப் பேர் வருவதுபோன்ற பயத்தை ஐந்தே பேரை வைத்து உண்டாக்கியாயிற்று, வீட்டுக் கதவும் மூடியிருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பலர் இதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் காவல் காக்கும்போது கார்னர்பேக்கின் முதுகு குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி இருக்கும். ஸோன் முறையில் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காப்பதால் அத்தனை பேர் கண்ணும் பந்தின் மேலேயே இருக்கும். பதறிப்போய் எறியும் பந்தைப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பந்து தம் கண்ணெதிரே வரும்படியான ஏற்பாட்டை, 62 பந்துகளைப் பறித்தவரைத் தவிர யார் இவ்வளவு ஆசையோடு வகுத்திருப்பார்கள்?

பெங்கால்ஸில் டேவிட் ஃபுல்ச்சர் என்ற பின்வரிசை வீரர் இருந்தார். லைன்பேக்கர் அளவுக்கு உடல், ஆனால் பின்னால் நின்று காவல் காக்கவும் தெரியும். அவரை எங்கும் நிறுத்தலாம், எங்கிருந்தும் ஏவலாம். அப்படிப்பட்டவர்களைக் கொண்டு 1988ஆம் ஆண்டுப் பருவத்தில் பெங்கால்ஸ் மீண்டும் சூப்பர் பவுலுக்கு வந்தது. எதிரே மீண்டும் பில் வால்ஷ். இடம் மயாமி, நாள் 1989 ஜனவரி 22. கடைசிக் கால் பகுதியில் பெங்கால்ஸ் 13க்கு 6 என்று முன்னிலையில் இருந்தபோது, வால்ஷ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா எறிந்த பந்து கோட்டுக்குள் நின்ற பெங்கால்ஸ் கார்னர்பேக் ஒருவரின் கைக்கே வந்தது. அவர் நழுவவிட்டார். அடுத்த எறியிலேயே ஜெர்ரி ரைஸ் கோட்டைத் தொட, ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. பெங்கால்ஸ் மறுபடியும் 16க்கு 13 என்று முந்தியது. மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம் பாக்கியிருக்க, மொன்டானா தம் கோட்டிலிருந்து 8 கெஜத்தில் பந்தைத் தொடங்கி, 92 கெஜத்தையும் சின்னச் சின்ன எறிகளாகக் கடந்து, 34 நொடி மிச்சமிருக்கையில் ஜான் டெய்லருக்கு எறிந்து ஆட்டத்தை முடித்தார். 20க்கு 16. மூலையில் நிற்பவனுக்காகவே சிந்தித்த பயிற்சியாளரை, மூலையில் நின்றவனின் கைநழுவல் தோற்கடித்தது. அந்த வீரரை யாரும் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை நல்ல வியூகமும் பந்தை அந்தக் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வரைதான்.

1992இல் பிட்ஸ்பர்குக்கு வந்தார். தலைமைப் பயிற்சியாளர் பில் கவர், தற்காப்புப் பொறுப்பாளர் டாம் கேப்பர்ஸ், பின்வரிசைக்கு லெபோ. ராட் வுட்சன், கிரெக் லாய்ட் ஆகிய வீரர்கள் அங்கே இருந்தார்கள், அடுத்த ஆண்டு கெவின் கிரீனும் வந்து சேர்ந்தார். 3 லைன்மேன்கள், 4 லைன்பேக்கர்கள் என்பது ஸ்டீலர்ஸின் அமைப்பு. ஸோன் பிளிட்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. நான்கு லைன்பேக்கர்களும் எழுந்து நின்றுகொண்டிருக்கும்போது அவர்களில் பாயப் போகிறவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரசிகர்கள் ஊர்ப் பெயரையே ‘பிளிட்ஸ்பர்க்’ என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். 1995இல் கேப்பர்ஸ் கரோலைனாவின் புதிய அணிக்குத் தலைமையேற்றுப் போனார். அடுத்த ஆண்டே அந்த அணி 12 ஆட்டங்களை வென்றது. லெபோ அவர் இடத்துக்கு வந்தார். 1996 ஜனவரியில் மூன்றாம் முறையாகச் சூப்பர் பவுல். டாலஸின் பெயர்பெற்ற ஓட்டக்காரர் எம்மிட் ஸ்மித்தை 49 கெஜத்தில் கட்டிப்போட்டார்கள். ஸ்டீலர்ஸ் குவார்ட்டர்பேக் எறிந்த பந்துகளில் இரண்டை டாலஸின் கார்னர்பேக் ஒருவர் பறித்துவிட்டதால் 27க்கு 17 என்று தோற்றார்கள். மூன்று இறுதியாட்டங்கள், மூன்று தோல்விகள்.

அதன்பின் சின்சினாட்டிக்குத் திரும்பினார். 2000ஆம் ஆண்டில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற தலைமைப் பயிற்சியாளர் விலகியதால் லெபோவின் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. 2002 இறுதி வரை 45 ஆட்டங்களில் 12 வெற்றி, 33 தோல்வி. இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. 1991 முதல் 2004 வரை வெற்றிகள் தோல்விகளை மிஞ்சிய பருவம் ஒன்றுகூட இல்லாத அணி அது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வியூகம் வகுப்பதும் ஓர் அமைப்பையே நிர்வகிப்பதும் வேறு வேறு திறமைகள். முதலாவதில் அவருக்கு நிகர் அரிது, இரண்டாவதில் அவர் சாதாரணமானவர். வேலை போனபோது அவருக்கு 65 வயது. பலரும் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். அவர் ஓராண்டு பஃபலோ அணிக்கு உதவியாளராக இருந்துவிட்டு, 2004இல் மீண்டும் பிட்ஸ்பர்க் சென்றார்.

அங்கிருந்து தொடங்கும் 11 ஆண்டுகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. முதல் ஆண்டிலேயே ஸ்டீலர்ஸ் 16 ஆட்டங்களில் 15 வென்றது. 2006 பிப்ரவரியில் சியாட்டில் அணியை 21க்கு 10 என்று வீழ்த்தி, லெபோ தம் நான்காவது முயற்சியில் சூப்பர் பவுலைத் தொட்டார். வீரராக 14 பருவம், பயிற்சியாளராக 33 பருவம் காத்திருந்து பெற்ற முதல் கோப்பை. 2008ஆம் பருவத்தில் அவருடைய தற்காப்பு ஆட்டத்துக்குச் சராசரியாக 14 புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை; மொத்தக் கெஜத்தையும் புள்ளியையும் மிகக் குறைவாக விட்டுக்கொடுத்ததில் நாட்டிலேயே முதலிடம்.

அந்த அணியில் ட்ராய் போலமலு இருந்தார். நீண்ட கூந்தலை விரித்துக்கொண்டு மைதானமெங்கும் திரிந்த பின்வரிசை வீரர். ஒரு கணம் 20 கெஜம் பின்னால் நிற்பார். அடுத்த கணம் முன்வரிசைக்கு நடந்து வந்துவிடுவார். 2010 செப்டம்பரில் டென்னஸிக்கு எதிரான ஆட்டத்தில், பந்து அசையும் அதே நொடியில் தடுப்புச் சுவரின் மேலேயே தாவிக் குதித்து, எறிவதற்கு முன் குவார்ட்டர்பேக்கைப் பிடித்தார். ஒரு நொடி பிந்தினாலும் வீண், ஒரு நொடி முந்தினாலும் குற்றம். இப்படிப்பட்டவரை வரைபடத்துக்குள் அடைக்க முயலும் பயிற்சியாளர்கள் உண்டு. லெபோ அவருக்குச் சுதந்திரம் கொடுத்து, அவர் விட்டுப்போகும் இடத்தை நிரப்ப மற்றவர்களைப் பழக்கினார்.

இப்போது டேம்பாவுக்குத் திரும்பலாம். ஹாரிசன் ஏன் பின்வாங்கினார்? லெபோ அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் செய்தி. அன்று லெபோ அழைத்தது முழுப் பாய்ச்சல். ஹாரிசனும் பாய்ந்திருக்க வேண்டும். நேரம் மிகக் குறைவாக இருப்பதால் வார்னர் பந்தைக் கையில் வைத்திருக்கமாட்டார், சட்டென்று உட்புறமாக எறிவார், தாம் பாய்ந்தாலும் போய்ச் சேர முடியாது என்று ஹாரிசன் கணக்குப் போட்டார். ஓரடி முன்வைத்துப் போக்குக் காட்டிவிட்டு, பின்னால் நழுவி, எறியும் பாதையில் நின்றுகொண்டார். சொன்னபடி கேளாத வீரர் என்று இதைக் கொள்ளலாமா? நான் அப்படிக் கொள்ளமாட்டேன். பாய வேண்டியவன் பின்வாங்குவதும் பின்வாங்க வேண்டியவன் பாய்வதும் லெபோ நாள்தோறும் கற்றுக்கொடுத்த பாடம். ஆசிரியர் அன்று வேறொரு கணக்கைக் கொடுத்தார். மாணவர் அவருடைய சூத்திரத்தாலேயே அதற்கு வேறு விடை கண்டார். உடனிருந்த தற்காப்பு வீரர்கள் தடுப்பாளர்களாக மாறி அவருக்கு வழி அமைத்துக்கொண்டே ஓடியதைப் படக்காட்சியில் பார்த்தால், இதுவும் பழக்கப்பட்ட ஒன்று என்று தெரியும்.

அதே ஆட்டத்தில் அவருடைய வியூகம் சிதறியதையும் சொல்லியாக வேண்டும். கடைசிக் கால் பகுதியில் 20க்கு 7 என்றிருந்த முன்னிலை கரைந்தது. லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு நட்டநடுவே பந்தை வாங்கி 64 கெஜம் ஓட, அரிசோனா 23க்கு 20 என்று முந்தியது. பின்னால் யாரும் இல்லாத வெறும் புல்தரை, கார்னர்பேக்குகள் கனவில் கண்டு அஞ்சும் அதே காட்சி. 35 நொடி மிச்சமிருக்கையில் சான்டோனியோ ஹோம்ஸ் மூலையில் கால்விரல்களை ஊன்றிப் பிடித்த பந்து ஸ்டீலர்ஸைக் காப்பாற்றியது. பிறகு லமார் வுட்லி வார்னரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, 27க்கு 23 என்று முடிந்தது.

வீரர்கள் லெபோவை ‘கோச் டாட்’, அதாவது பயிற்சியாளர் அப்பா, என்று அழைத்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழைய குழந்தைக் கவிதை ஒன்றை, நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் சூழ உட்கார்ந்து கேட்க, பார்க்காமல் முழுவதும் சொல்லிக் காட்டுவார். ஆட்டக்காரராக அவருக்குரிய இடம் இந்த ஆட்டத்தின் சாதனையாளர்களைப் போற்றும் கான்டன் நகரத்துப் புகழ் மண்டபத்தில் தரப்படவில்லை என்பது அவர்களுக்குக் குறையாகவே இருந்தது. டெட்ராய்டின் பழைய 44ஆம் எண் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு பொதுவெளியில் வந்து தங்கள் வாதத்தைச் சொன்னார்கள். 2010 ஆகஸ்டில், ஆட்டத்தை விட்டு 37 ஆண்டுக்குப் பின், அந்த மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஸ்டீலர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் மைக் டாம்லின் அணி முழுவதையும் பேருந்துகளில் ஏற்றி விழாவுக்குக் கூட்டிவந்தார். மேடையில் நின்றவர் எதிரே பார்த்தபோது, தாம் பயிற்றுவிக்கும் இளைஞர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள்.

அந்தப் பருவத்தின் முடிவில், 2011 பிப்ரவரியில், ஆறாவது சூப்பர் பவுல். கிரீன் பே அணி 31க்கு 25 என்று வென்றது. அதன் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 3 முறை கோட்டுக்குள் பந்தை எறிந்தார். எதிர்ப்பக்கத்தில் தற்காப்பை நடத்தியவர் யார் என்றால், பழைய கூட்டாளி டாம் கேப்பர்ஸ். இரு பக்கமும் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம். அடுத்த ஆண்டு டென்வரில், ஓட்டத்தைத் தடுக்க ஆட்களை முன்னே நெருக்கி வைத்திருந்த லெபோவின் தற்காப்பை டென்வர் குவார்ட்டர்பேக் டிம் டீபோ ஏமாற்றினார். கூடுதல் நேரத்தின் முதல் எறியே 80 கெஜம் போய் ஆட்டத்தை முடித்தது. 2015 ஜனவரியில் பிட்ஸ்பர்கை விட்டு விலகிய லெபோ, 77 வயதில் டென்னஸி டைட்டன்ஸுக்குச் சென்றார்.

அதற்குள் அவருடைய உத்தி எல்லா அணிகளின் ஏட்டிலும் ஏறிவிட்டது. அதற்கு மாற்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்து பேரை அகலமாகப் பரப்பி நிறுத்தினால் தற்காப்பாளர்களும் பரவி நிற்க வேண்டும். யார் பாயப் போகிறார்கள் என்பதை ஒளிக்க இடம் போதாது. பந்து கைக்கு வந்த இரண்டரை நொடிக்குள் எறிந்துவிட்டால், லைன்மேன் திரும்பி ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதில் தேர்ந்தவர் நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த டாம் பிரேடி.

லெபோ பொறுப்பு வகித்த கடைசி ஆட்டம் 2018 ஜனவரி 13 அன்று பிரேடியின் சொந்த மைதானத்தில் நடந்தது. பிரேடி குறுகிய எறிகளாகவே வீசி 3 முறை கோட்டைத் தொடவைத்தார். 35க்கு 14 என்று டென்னஸி தோற்றது. இரண்டு நாள் கழித்துத் தலைமைப் பயிற்சியாளர் மாற்றப்பட்டார், புதியவர்கள் வந்தார்கள். 1959 முதல் ஒரு பருவத்தையும் தவறவிடாமல், வீரராகவும் பயிற்சியாளராகவும் 59 பருவங்கள் மைதானத்தில் நின்றவருக்கு அப்போது வயது 80.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.